எண்ணெ குடிச்ச ஓஸ்

இல்ல சார், திங்கக்கிழமைதான் வரச் சொன்னீக, நல்லா ஞாவகம் இருக்கு. இன்னைக்குச் சனிக்கிழமை, அதுவும் தெரியும். ஜி.எச். வரைக்கும் வர வேண்டியிருந்துச்சு, அப்படியே உங்க லேப்புக்குப் போனேன். சார் இன்னைக்கு வீட்டுலதான், மில்லர்புரம்னு வாட்ச்மேன் வழி சொன்னாரு. நடந்தே வந்துட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. காப்பி வேண்டாம், டீச்சர்கிட்ட போடாண்டாம்னு சொல்லிருங்க. உக்காரல, நின்னுக்கிடுதேன். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேணும். அந்த ரப்பர் ஓஸைக் கத்தியால வெட்டியிருக்கா, கையால அமுக்கியிருக்கா, இல்ல தானாப் போச்சா? அம்புட்டுத்தான்.

ரிப்போர்ட்டு டைப் அடிக்கலன்னா கெடக்கட்டும் சார். வாயால சொல்லுங்க.

சரி, கேளுங்க. அன்னைக்குப் பாதிதான் சொன்னேன், ஒத்துக்கிடுதேன். டீச்சர் எங்க மக ரேச்சலுக்குப் பத்தாப்புல கிளாஸ் டீச்சர். அவுகதான் சொன்னாக, தன் வீட்டுக்காரரு ஹார்பர்ல நெலக்கரி கொண்டுபோற பெல்ட்டு, கப்பலுக்கு எண்ணெ ஏத்துத ஓஸ், எல்லா ரப்பரையும் சோதிச்சுப் பாக்கவுகன்னு. அந்த நம்பிக்கையில சாக்குப்பையை உங்க கையில திணிச்சுட்டு ஓடிட்டேன். வீட்டுல படுக்கையில ஒரு ஆளு இருக்காக, அதிக நேரம் விட்டுட்டு நிக்க முடியாது.

அந்த ஓஸ் அவுக ஓஸ்தான். எங்க வீட்டுக்காரரு. கஸ்பார்னு பேரு. திரேஸ்புரம். சங்கு குளிக்கவுக. முத்துக் குளிச்ச ஊருன்னு வெளியூர்க்காரவுக பெருமையாச் சொல்லுவாக, முத்த நான் நகைக்கடையிலதான் பாத்திருக்கேன். இப்பம் சங்குதான். அதுவும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு எறங்குத காலமெல்லாம் போச்சு. வள்ளத்துல ஒரு கம்ப்ரசர் இருக்கும், அதுலயிருந்து நீளமா ஒரு ரப்பர் ஓஸ். ஓஸ் மொனைய வாயில கவ்விக்கிட்டு எறங்க வேண்டியது. மேலயிருந்து காத்து வரும், கடல் தரையில நடந்து நடந்து சங்கு பெறக்க வேண்டியது. பஞ்சர் கடையில டயருக்குக் காத்தடிக்காம்லா, அதே கம்ப்ரசர், அதே காத்துதான். அங்கன டயரு, இங்கன மனுசன். என்ன அப்படிப் பாக்கீக? அப்படித்தான் சார் எங்க பொழப்பு ஓடுது.

மேல ஓஸ் பிடிக்கவனா? எங்க தம்பி. கூடப் பொறந்தவன். இன்னாசி.

இல்ல, கூலிக்கு ஆளு வைக்க மாட்டாக. கடலுக்குள்ள எறங்குதவன் உசுர எங்க பக்கத்துல கண்டவன் கையில குடுக்க மாட்டாக சார். அண்ணந்தம்பி கையில கூடக் குடுக்க மாட்டாக. அண்ணன் போனா தம்பிக்குப் பங்கு கூடும்லா. மச்சான் கையிலதான் குடுப்பாக. பொண்டாட்டி கூடப் பொறந்தவன். அவன் பிடிய விட்டா தாலியறுக்கது அவன் அக்காவோ தங்கச்சியோதான. எந்தப் பய மனசறிஞ்சு அதச் செய்வான்? கயிறு கட்டிக் குளிச்ச காலத்துலயிருந்து அதான் வழமை. என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்பம் எங்க மாமியா முதல்ல கேட்டது, பொண்ணுக்குத் தம்பி இருக்கானான்னுதான். பொண்ணு கறுப்பா செவப்பான்னு பொறவுதான் பாத்தாக.

அவன் வேலை என்னன்னா, வள்ளத்து வெளிம்புல உக்காந்து ஓஸைக் கைக்குள்ள வச்சிருக்கணும். கீழ இருக்கவுக நடக்க நடக்க விட்டுக் குடுக்கணும். திரும்புனா இழுத்துச் சுத்திக்கிடணும். ஓஸுக்குள்ள காத்து போறது அவனுக்கு உள்ளங்கையில தெரியுமாம். அத்தான் மூச்சு விடுதது என் கையில கேக்கும்க்காம்பான்.

ஆமா, ஆமா, அந்த வெளிம்பு மேலதான் ஓஸ் மடங்கும். அலைக்கு அலை வள்ளம் ஏறி எறங்கும்லா, அப்பமெல்லாம் மடங்கும், நிமிரும். பொழுது பூரா அதே எடத்துல அதே சோலிதான். வெடிச்சதும் அந்த எடத்துலதான். அவன் கைக்கு அங்குட்டு ஒரு சாண் தள்ளி. அதான் சார் வெனையாப் போச்சு.

சண்டையா? டீச்சர் சொன்னாகளா? சரி, ஊருக்கே தெரிஞ்சத உங்களுக்கு மறைச்சு என்ன செய்ய.

எங்க வீட்டுக்காரரு கை நீட்டுத ஆளு. குடிச்சாலும் அடிப்பாக, குடிக்கலன்னாலும் அடிப்பாக. நானும் வாய மூடிக்கிட்டு இருக்க ஆளு கெடையாது. ரேச்சலப் பதினொண்ணாப்பு சேக்கணும்னு நான் நின்னேன். பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுப் போதும்னு அவுக நின்னாக. பேச்சு தடிச்சுப் போயி, நடுத்தெருவுல வச்சு அடிச்சாக. ஒதடு கிழிஞ்சு சேலையெல்லாம் ரத்தம். சத்தங்கேட்டு இன்னாசி ஓடியாந்தான். அத்தான் மேல கை வைக்கல, வைக்க மாட்டான். ஆனா தொண்ட கிழியக் கத்துனான். இன்னொரு மட்டம் எங்கக்கா மேல கை பட்டுச்சுன்னா கடல்ல வச்சுப் பாத்துக்கிடுதேன்னான். குழாயடியில நின்ன அத்தன பொம்பளையும் கேட்டா.

மறுநா வெள்ளனே ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துல போனாக. நெசமாத்தான் சார், நான் ஏன் பொய் சொல்லப் போறேன். கரையில போட்ட சண்டைய வள்ளத்துல ஏத்தக் கூடாது, எங்களுக்குள்ள அப்படி. ஒருத்தர ஒருத்தரு பேசிக்கிடல, மொகத்தப் பாக்கல. ஆனா அவுக இடுப்ப நீட்டுனாக, இவன் முங்குததுக்கு ஈயக்கட்டையும் தூக்குததுக்குக் கயிறும் எடுத்துக் கட்டிவிட்டான். கூடப்போன எஞ்சின்காரன்தான் பொறவு வந்து சொன்னான்.

கீழ போன பொறவு அவுகளுக்கு முதல்ல காத்து கொறஞ்சிருக்கு. சட்டுன்னு நிக்கல. யாரோ மேல ஓஸை மிதிச்ச மாதிரி, அமுக்குன மாதிரி, எம்புட்டு உறிஞ்சுனாலும் கொஞ்சமா வந்திருக்கு. ஓஸைச் சுண்டி அடையாளம் குடுத்திருக்காக. அப்பம்தான் டப்புன்னு போயிருக்கு. மேல காத்து சீறுது. இன்னாசி என்ன செய்வான்? இழுத்தான். இடுப்புக் கயித்த ரெண்டு கைத்தோலும் உரிய இழுத்தான். உசுரோட கொண்டாந்து வள்ளத்துல போட்டான். அம்புட்டு ஆழத்துலயிருந்து அம்புட்டு வேகமா ஏறக் கூடாதாம், ரத்தத்துக்குள்ள காத்து நொரச்சுருமாம், டாக்டரு சொன்னாரு. மெதுவா இழுத்தா மூச்சடைச்சுச் செத்திருப்பாக. வேகமா இழுத்ததுல இடுப்புக்குக் கீழ செத்துப்போச்சு. இப்பம் கட்டில்தான் எல்லாம். நான்தான் தூக்குதேன், தொடைக்கேன், பொரட்டிப் போடுதேன்.

வாய்க்கு ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னையப் பாத்துச் சொன்ன மொதப் பேச்சு, உன் தம்பி அமுக்கிப்புட்டாம்ளாங்கதுதான். மொதல்ல அமுக்குனான், நான் துடிக்கேனான்னு பாத்தான், பொறவு கத்தியப் போட்டுட்டான்னு. பொய் சொல்லல சார் அவுக. அதுதான் கொடும. பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும், இத்தன வருசமாக் குடும்பம் நடத்துதேன். நெசமாவே அப்படித்தான் நம்புதாக.

ஊருக்குக் கேக்கணுமா. வெறும் வாய மெல்லுதவளுக்கு அவல் கெடச்சா விடுவாளா? சொல்லி வச்சுச் செஞ்சிட்டான்னாக. அக்கா புருசன் மூச்சயே அமுக்குனவன் அடுத்தவன் மூச்ச வச்சிருப்பானான்னு ஒரு வள்ளத்துலயும் ஏத்தல. ஓஸ் தொடல, வள்ளத்துல சோறு பொங்கவாவது வாரேன்னு கெஞ்சுனான். அதுக்கும் வேண்டாம்னுட்டாக. புன்னக்காயல்ல ஒரு பொண்ணு பேசி வச்சிருந்தோம், அவுக ஆளனுப்பி முறிச்சுக்கிட்டாக. கோயில்ல அவன் போயி உக்காந்தா அந்தப் பெஞ்சே காலியாயிரும். கேஸா? கேஸெல்லாம் எவன் குடுத்தான். கேஸ் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும் சார். ஒரு ஜட்ஜாவது அவனக் கூப்பிட்டு, என்னலே நடந்துச்சு, நீ சொல்லுன்னு கேட்டிருப்பாரு. ஒருத்தரும் கேக்கல.

நான் நம்பல. ஒரு நாளும் நம்பல. அவுக மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், படுத்தவாக்குல தண்ணிச் செம்ப எடுத்து எறிஞ்சாக. போட்டும். நான் நம்பாததுனால என்ன ஆச்சு? கடைசியில இன்னாசியே நம்ப ஆரம்பிச்சுட்டான். அதத்தான் சார் என்னால தாங்க முடியல.

ஒரு நா அடுப்படிப் பக்கமா வந்து நின்னான். உள்ளங்கைய விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே கேக்கான், அக்கா, நான் அன்னைக்குக் கோவத்துலதான இருந்தேன், எனக்குத் தெரியாம என் கை இறுக்கியிருக்குமோன்னு. ஏலே மூதி, என்ன பேச்சுப் பேசுதன்னு ஏசுனேன். இல்லக்கா, தூக்கத்துல பல்லக் கடிக்காகல்லா, அவுகளுக்கே தெரியாதுல்லாங்கான். சின்னப்பிள்ளையில பொய் சொன்னா அவன் காது செவக்கும் சார். அன்னைக்குக் காது செவக்கல. மொகத்துல ரத்தமே இல்ல. அப்பம்தான் அந்தச் சாக்கக் கொண்டாந்து குடுத்தான். ஓஸ் போன எடத்த முன்னயும் பின்னயும் விட்டு வெட்டி எடுத்து ஒளிச்சு வச்சிருந்திருக்கான். யாராவது வெவரந்தெரிஞ்சவுககிட்டக் காட்டுக்கா, கத்தியா, கையா, தானாவா, அது மட்டும் கேட்டுச் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம்னான்.

அவன் எங்க வீட்டுக்கு வருவான், அவுக தூங்குத நேரமாப் பாத்து. மத்தியான மாத்திரை போட்டா அவுகளுக்கு அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். அப்பம் வந்து என்கூட ஒரு பக்கம் பிடிச்சுப் பொரட்டிப் போடுவான். முதுகு புண்ணாகாம இருக்குன்னா அவன் செஞ்சதுதான். என் ஒருத்தியால முடியுமா, அவுக என்ன கொஞ்ச எடையா. பொரட்டி முடிச்சுட்டு அவுக நெஞ்சு மேல கைய வச்சுப் பாப்பான். மூச்சு நல்லாப் போகுதுக்காம்பான். யாரு கை தன்னையத் தூக்குதுன்னு அவுகளுக்குத் தெரியாது. இந்தச் செவ்வாக்கிழமை எப்படியோ பாதியில முழிச்சிட்டாக. மூஞ்சிக்கு நேரா இவன். துப்பிட்டாக சார். இவன் தொடைக்கக் கூட இல்ல, அப்படியே வெளிய போயிட்டான்.

இதெல்லாம் எதுக்கு. நீங்க ஓஸைப் பத்திக் கேளுங்க.

டீசலா? டீசல் சிந்தியிருக்கும், எஞ்சின் பக்கத்துலதான கெடக்கும். டீசல் இல்லையா? வேற எண்ணென்னா எந்த எண்ணெ? ரப்பர் உள்வரைக்கும் ஊறியிருக்கா? துண்டு இங்கதான் இருக்கா? குடுங்க, மோந்து பாக்கேன்.

இருங்க. இன்னொருக்க குடுங்க.

சார், இது சாளை எண்ணெ. மீனெண்ணெ. எனக்குத் தெரியாதா, எங்க வீட்டுச் சுவரெல்லாம் இந்த வாடைதான். வள்ளத்துக்குப் பூசுதது. கரையேத்திப் போட்டா பலகையில மீனெண்ணெ பூசி வைப்பாக. வெயில்ல வெடிக்காது, உப்புத்தண்ணி ஏறாது. பூசப் பூச மரம் உறுதியாகும்.

ஓஸுக்கா? ஓஸுக்கும் பூசுவாக. அவுகதான் பூசுவாக.

கடல்லயிருந்து வந்ததும் நல்ல தண்ணியில ஓஸைக் கழுவி, முத்தத்துல நீட்டிப் போட்டு, துணியில எண்ணெயத் தொட்டு இந்தக் கடைசியிலயிருந்து அந்தக் கடைசி வரைக்கும் உருவி விடுவாக. பச்சப்பிள்ளைக்கு எண்ணெ தேய்க்கவ கூட அம்புட்டுப் பக்குவமாத் தேய்க்க மாட்டா. என்னைய ஒரு நா இப்படித் தொட்டிருப்பீகளா, ஓஸுக்கு வந்த வாழ்வப் பாருன்னு நானே கேலி பண்ணியிருக்கேன். புது ஓஸ் விறைச்சுக்கிட்டு நிக்கும் சார், சொன்னபடி மடங்காது. எண்ணெ போடப் போட மெத்துமெத்துன்னு பழகிரும். தடிச்சும் வரும். பாருளா, குடிச்சுக் குடிச்சு எப்படிக் கொழுத்துட்டான்னு தட்டிக் காட்டுவாக. வள்ளம் நெலைக்கது மீனெண்ணெயால, ஓஸ் நெலைக்கதும் அதாலதான்னு அவுக கணக்கு. உள்ள காஞ்சிரக் கூடாதுன்னு மொனை வழியாவும் கொஞ்சம் விட்டுச் சாச்சு வைப்பாக.

கடைக்காரரா? சொன்னாராம். எண்ணெ கிண்ணெ படாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சின்னாராம். இவுக வீட்டுல வந்து சிரிச்சாக. ஓஸ் சீக்கிரம் போனாத்தான அவன் அடுத்தது விக்க முடியும், அதாம்ளா அப்படிச் சொல்லுதான்னாக. மத்தவுகளா? இவுகளப் பாத்துப் பழகுனவுக கொஞ்சப் பேரு உண்டு. அவுககிட்டயும் சொல்லணுமா, எதுக்கு சார்?

ஏன் சார் கண்ணாடியக் கழட்டுதீக? சொல்லுங்க, நான் தாங்கிக்கிடுவேன்.

மூணு துண்டா? புது ஓஸ் வாங்கி வெட்டுனீகளா, எங்களுக்காகவா? சரி, இது சும்மா வச்சது. இது கடல் தண்ணியில ஊறப்போட்டது. இது எண்ணெயில ஊறப்போட்டது. மூணையும் மிசின்ல மாட்டி மடக்கி நிமித்தி, மடக்கி நிமித்தி ஓட்டியிருக்கீக. வள்ளத்து வெளிம்புல நடந்த அதே சோலிதான்.

சும்மா வச்சதுக்கு ஒண்ணும் ஆகல. கடல் தண்ணியில கெடந்தது, இதுவும் நல்லாத்தான இருக்கு! கடல் ஒண்ணும் செய்யலையா? எது நடந்தாலும் கடலத்தான சார் மண்ணவாரித் தூத்துதோம். இது... அம்மாடி. நகம் பட்டாலே பிஞ்சு வருது. தடியாத்தான இருக்கு, மெத்துன்னுதான இருக்கு. எங்க ஓஸ் இருந்தது இதே பக்குவம்தான். இதப் பாத்துத்தான நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னோம்.

நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. ரப்பர் எண்ணெயக் குடிக்கும். குடிச்சு உப்பும். உப்புனா உள்ள ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிருக்கது எளகிரும். ஒருக்க மடக்குனா ஒண்ணும் தெரியாது. ஓயாம மடக்குனா மயிரிழை கணக்கா ஒரு கீறல் விழும். நல்ல ரப்பர்ல கீறல் விழவே நாளாகும், விழுந்தாலும் ஊந்து ஊந்துதான் போகும். எண்ணெ குடிச்சதுல ஓடும். ஒரு நா அந்தப் பக்கம் வந்துரும். அப்படித்தான? எண்ணெ பூசுத மத்தவுககிட்டயும் சொல்லிருதேன், இன்னொரு வீட்டுல இது நடக்கக் கூடாது. சரி.

அப்பம் அவுகளுக்கு முதல்ல காத்து கொறஞ்சுதே, அமுக்குன மாதிரி இருந்துச்சுன்னாகளே, அது எப்படி? உள்தோலா? வெளிச்சத்துல பிடிங்க. இதுவா சார்? உள்ள இருக்க தோலு உப்பி, ரப்பருக்கு நடுவுல வச்சிருக்க துணியவிட்டுக் கழண்டு மடிஞ்சு கெடக்கு. காத்துப் போற வழிய இதுதான் அடைச்சிருக்கு. அவுக சொன்னதும் நெசம். காத்து கொறஞ்சது நெசம். அமுக்குனது மட்டும் யாருமில்ல. கத்தி பட்டா ஒரே வெட்டா வழவழன்னு இருந்திருக்கும், இது பிஞ்சுதான் போயிருக்கு. சரி. கத்தியும் இல்ல, கையும் இல்ல. நீங்க ஒருக்க உங்க வாயால சொல்லுங்க சார். இன்னும் ஒருக்க.

அழல. ராத்திரி தூக்கம் இல்ல, கண்ணு எரியுது.

ஒண்ணு கேக்கட்டா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. சரக்கு சரியில்ல, கடையில வாங்கும்போதே சொத்தைன்னு எழுதித் தர முடியுமா? எண்ணெயப் பத்தி ஒண்ணும் போடாம. இல்ல, நட்டஈடு கேட்டு எங்கயும் போகல. சத்தியமா. ஒரே ஒருத்தருக்குக் காட்டத்தான், எங்க வீட்டுக்காரருக்கு. கால் போயிக் கெடக்க மனுசன்கிட்டப் போயி, உங்க காலக் கொண்டுபோனது நீங்க ஆசையா ஆசையாத் தடவுன எண்ணெதான்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்த மனுசன் இத்தன மாசமா உசுரோட இருக்கதே என் தம்பிய ஏசித்தான். காலையில முழிச்சதும் அவன ஏசுனாத்தான் கஞ்சி எறங்குது. அதப் பிடுங்கிட்டா அவுககிட்ட வேற என்ன இருக்கு? என்னைய அடிச்ச ஆளுதான், இல்லங்கல. அதுக்காக இதச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல சார்.

முடியாதுன்னா விட்டுருங்க. நல்ல சரக்கத் தப்புன்னு எழுதுனா உங்க வேலைக்கு மரியாதை இல்ல. நானும் யாரோ ஒரு கடைக்காரரு தலையில போடப் பாக்கேன், என் தம்பி தலையில ஊரு போட்ட மாதிரி. வேண்டாம்.

என்ன சொன்னீக? தம்பியக் கூட்டிட்டு வரவா? மிசின ஓட்டிக் காட்டி நீங்களே சொல்லுதீகளா?

நல்ல மனசு சார் உங்களுக்கு. அவன் வர முடியாது. நேத்து மத்தியானம் கடல்ல எறங்கிட்டான். ஓஸ் கெடையாது, கயிறு கெடையாது. சாயங்காலம் வலைக்குப் போனவுக தூக்கிட்டு வந்தாக. ஜி.எச்.ல ஒரு மணிக்குள்ள பாடிய அறுத்துக் குடுத்துருவோம்னாக, அதான் காலையில அங்கன வந்தது. நாலு மணிக்கு எடுக்கோம்.

நீங்க எந்திரிக்காதீங்க சார். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. மிசின் ஓடி முடிக்கணும்லா. திங்கக்கிழமை சொல்லிருவாகடான்னு அவன்கிட்டச் சொன்னேன், சரிக்கான்னுதான் தலைய ஆட்டுனான்.

செத்த வீட்டப் போட்டுட்டு இவ ஓஸைக் கேட்டு அலையுதாளேன்னு நெனைப்பீக. எங்களுக்குள்ள ஆம்பள செத்தா மச்சான் வந்து கோடித்துணி போடணும் சார். யாரு யாரோ போடுவாக, அதெல்லாம் சும்மா. மச்சான் கோடி விழுந்தாத்தான் பெட்டிய மூடுவாக. இவன் அவுகளுக்கு மச்சான்னா அவுகளும் இவனுக்கு மச்சான் மொறதான. விடியக்காலையில போயிக் கேட்டேன். என் மூச்ச அமுக்குனவனுக்கு நான் துணி போடணுமாளான்னு சுவரப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டாக. மச்சான் கோடி விழாமப் பெட்டிய மூடிட்டா ஊரு சொன்னது உறுதிதான். கொலகாரனாவே குழிக்குள்ள போவான் என் தம்பி.

அந்தத் துண்ட மட்டும் குடுங்க சார், உள்தோல் மடிஞ்சு கெடக்கே, அது. பேப்பர்ல சுத்தாண்டாம், அப்படியே குடுங்க. வாடை இருக்கட்டும், மோந்தா அவுகளுக்கே தெரியும். சொல்லத்தான் போறேன். கேட்டா அந்த மனுசன் ஒடஞ்சிருவாக, எனக்குத் தெரியும். ஒடையட்டும். ஒடஞ்சாலும் நான்தான பாக்கப் போறேன். எனக்கு இன்னைக்கு என் தம்பிதான் பெருசு. கட்டிலோட தூக்கியார நாலு பேரச் சொல்லி வச்சிருக்கேன். கோடி போடக் கால் வேண்டாமே சார், கை போதும்.